ஒரு மிதிக்கு இரண்டு அடி

மார்ச் 5

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று போட மனம் வரவில்லை. போனில் பேசினால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், நானும் அசடு மாதிரி இளகிவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இனிமேல் எனக்குப் போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

இசைத்தட்டு நேற்று வந்தது. கறுப்பு உறை, நடுவில் 'துரு' என்று உன் கம்பெனி முத்திரை, கீழே சின்ன எழுத்தில் 'ஃபிட்டர்' என்று என் பெயருக்குப் பதில் என் தொழில். எல்லாம் வழக்கம்போல அழகாகத்தான் இருக்கிறது. வேலை முடிந்ததும், எங்கள் வரிசையில் எல்லோரும் வாயாடி என்று கூப்பிடுவோமே, அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான்காம் எண் மெஷினில் வலது கையின் இரண்டு விரல்களை விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து அவள் பேச்சே குறைந்துவிட்டது. "இரு, இன்னைக்குக் கேளு, இதுல எல்லாம் இருக்கு"ன்னு பெரிய இவள் மாதிரி சொல்லிவிட்டு இரண்டாம் பக்கத்தில் ஊசியை வைத்தேன்.

ஐந்து சனிக்கிழமைப் பதிவுகள், பத்து நிமிடம். வாரக் கடைசியில் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் இரண்டு நிமிடம் ரெகார்டரைப் பிடிப்பது எதற்கென்று உனக்குத் தெரியும். போன வாரச் சத்தத்தோடு இந்த வாரச் சத்தத்தை வைத்துக் கேட்டால் எது தேய்கிறது என்று காது சொல்லிவிடும். பெடலை மிதித்தால் மேலிருந்து அடித்துத் தகட்டை வெட்டும் பிரஸ் மெஷினுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒரு மிதிக்கு ஒரு அடி. நான்காம் எண் முதல் வாரத்தில் ஒரு தடவை, ஒரு மிதிக்கு இரண்டு தரம் விழுந்தது. அடுத்த வாரமும் ஒன்று. பிறகு இரண்டு, நான்கு, ஐந்து. மொத்தம் பதிமூன்று. பழுதுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஐந்து வாரத்தையும் வரிசை மாற்றாமல் அப்படியே பாட்டாக்கி டிசம்பரில் உனக்கு அனுப்பினேன். ஜனவரி பத்தொன்பதில் வாயாடியின் விரல்கள் போயின. இரண்டு நாள் கழித்து உன்னைக் கூப்பிட்டு, "ரெண்டாம் பக்கத்துல கையை வைக்காதடா"ன்னு சொன்னேனா இல்லையா? "சரிக்கா"ன்னு சொன்னாயா இல்லையா?

பத்து நிமிடத்தில் ஓர் இரட்டை அடிகூட இல்லை. ஒன்றுகூட! வாயாடி என் முகத்தைப் பார்த்தாள். "நல்லா ஓடுதேக்கா, மெஷின்"னாள். ஊசியைத் தூக்கிவிட்டேன்.

பழுதுப் புத்தகம் நனைந்துவிட்டது என்று எங்கள் கம்பெனி புதுசு வைத்துவிட்டது. பதிவிருந்த என் மெமரி கார்டை நீ திருப்பி அனுப்பினாய், அதன்மேல் நான் வேறு பதிவு செய்துவிட்டேன். விபத்து விசாரணை அதிகாரிக்கு எழுதிய மனுவில், 'வெளிவரப்போகும் இசைத்தட்டில் அந்தச் சத்தம் இருக்கிறது, அதுவே சாட்சி' என்று ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிளாஸ்டிக்கில் வெட்டி முந்நூறு பிரதி போட்டதை எவனும் நனைக்க முடியாது என்று நம்பினேன். அந்த மெஷினில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். வரும் பன்னிரண்டாம் தேதி முதலாவது விசாரணை.

என்ன செய்தாய்? நான் அனுப்பிய அசல் உன்னிடம் இருக்கிறதா? இந்த இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் எழுது.

அக்கா


மார்ச் 9

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும், அந்தப் பெண்ணின் விரல்களை வெட்டியது நான்தான் என்பது போலவே இருந்தது. நான் மெஷினைப் பார்த்ததுகூட இல்லை. டயர் கடைக்கு மேலே, ஜன்னல் திறந்தால் ரப்பர் வாடை அடிக்கிற அறையில் உட்கார்ந்து உன் சத்தங்களை உறைக்குள் போட்டு அனுப்புகிறவன் நான்.

நீ கேட்டாய், சொல்கிறேன். இந்தத் தட்டுகளை வாங்குகிறவர்கள் யார்? இருட்டான அறையில் நூறு பேரை மணிக்கணக்காக ஆடவைப்பவர்கள். ஒரு தட்டு ஓடும்போதே அடுத்ததை அதன்மேல் அடியோடு அடி பொருத்திக் கோப்பார்கள். இண்டஸ்ட்ரியல் டெக்னோ என்கிற இந்த மெஷின் சத்த ஆட்ட இசையில் இரைச்சல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், அடி மட்டும் பிசகக் கூடாது. ஜனவரி முதல் வாரத்தில், பாட்டைத் தட்டில் வெட்டித் தருகிறவர் போன் செய்தார். "உங்க அக்கா வேலை செய்யும்போது தூங்கி விழுந்துட்டாங்க போல, பதிமூணு இடத்துல அடி கூடுதலா விழுது"ன்னார். நானும் கேட்டுப் பார்த்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்து களைப்போடு கோத்திருக்கிறாய், கை தவறியிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பதிமூன்று இடத்தையும் சரி செய்தேன். கூடுதல் அடியை எடுத்துவிட்டு, பக்கத்திலிருந்த, மெஷின் சும்மா ஓடும் மூச்சை அங்கே ஒட்டினேன். தையல் தெரிகிறதா? நீயே கண்டுபிடிக்கவில்லை பார்.

நீ ஜனவரி இருபத்தொன்றில் சொன்னபோது தட்டு வெட்டியாகிவிட்டது. மாதிரித் தட்டு உனக்கு அனுப்பினேன், தபாலில் தொலைந்திருக்கும்.

எனக்கும் கோபம் வரும் அக்கா. ஐந்து வருடமாக உன் தட்டுப் பார்சலைத் தோளில் சுமந்து கடை கடையாக ஏறி இறங்கினேன். 'வாஷிங் மெஷின்ல செருப்பைப் போட்ட மாதிரி இருக்கு'ன்னு சிரித்தவர்களிடமெல்லாம் உன் இசைக்காக வாதாடினேன். பாட்டுக்குள் சாட்சியத்தை வைத்து அனுப்புகிறேன் என்று டிசம்பரிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் நான் தொட்டிருப்பேனா? எல்லாவற்றையும் மனசுக்குள் வைத்துக்கொண்டு பிறகு பாய்வது உன் வழக்கம்.

அசல் இல்லை. தட்டு வெட்டியதும் இடம் பற்றாமல் அழித்துவிட்டேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

உன் தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

சரி செய்தாயா? எதைச் சரி செய்தாய்? மெஷினையா?

நேற்று விசாரணை. பழைய பள்ளிக்கூடத்து அறை மாதிரி ஒன்று, நீள மேஜை, சுவரில் ஓடாத கடிகாரம். நான் தலை குனிந்து, "தட்டுலேருந்து அந்தச் சத்தத்தை வெட்டி எடுத்துட்டாங்க"ன்னு சொல்ல வாயைத் திறப்பதற்குள் எங்கள் கம்பெனி மேலாளர் எழுந்தார். அவர் கையில் நம் தட்டு! கடைக்கு ஆள் அனுப்பி வாங்கியிருக்கிறார். உன் முந்நூறில் ஒன்று அவருக்கும் போயிருக்கிறது, சந்தோஷப்படு.

"ஐயா, மனுதாரர் அம்மா எந்தத் தட்டைச் சாட்சின்னு சொன்னாங்களோ, அதே தட்டு. நாங்க கேட்டோம், நீங்களும் கேளுங்க. பத்து நிமிஷம், ஓர் அடிகூடப் பிசகலை. மெஷின் தங்கமா ஓடுது"ன்னார். பிறகு உறையைத் திருப்பிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். 'இதில் கேட்கும் எந்தச் சத்தமும் திருத்தப்படவில்லை.'

உன் வாக்கியம். ஒவ்வொரு உறையிலும் நீ பெருமையாக அச்சடிக்கிற வாக்கியம். அதிகாரி என்னைப் பார்த்தார். "இது உங்க தட்டுதானேம்மா?" என்னுடையதுதான் என்றேன். வேறு என்ன சொல்வது? வாயாடி கட்டுப் போட்ட கையை மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். தப்பு செய்தது அவள் என்பது போல.

'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி முடிக்கப் பார்த்தார்கள். நான் கையைக் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு இருபத்தொன்பதாம் தேதி வரை தவணை வாங்கியிருக்கிறேன். கவனக்குறைவாம்! அவள் மிதிப்பது எண்ணி வைத்த மாதிரி இருக்கும். 'அடி விழுந்ததும் கையை மடிக்கு இழுத்து ஒரு நொடி பொறுங்க, இது ரெண்டாவது தரம் விழும்'னு அந்த வரிசைப் பெண்கள் எல்லோருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஜனவரியில் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை துண்டு என்று கணக்கை ஏற்றினார்கள். பொறுக்க நொடி ஏது?

எனக்கு ஓர் ஆத்திரம் உன்மேல் மட்டும் தனியாக இருக்கிறது. மேலாளர் பொய் சொல்வார், அது அவர் வேலை. நீ யார்? இயந்திரத்தின் உண்மையான குரலை வெளியே கொண்டுவருகிறேன் என்று ஊரெல்லாம் பேசித் திரிகிறவன். அது வாயைத் திறந்து பதிமூன்று முறை உண்மையைச் சொன்னது. ஆடுகிறவர்களுக்குக் கால் இடறுமே என்று நீ அதன் வாயைத் தைத்தாய். தையல் தெரிகிறதா என்று என்னிடமே கேட்கிறாய்.

தபாலில் தொலைந்தது என்ற கதையை வேறு யாரிடமாவது சொல். ஐந்து வருடத்தில் ஒரு பொட்டலம் தொலைந்ததில்லை.

அக்கா


மார்ச் 17

அக்கா,

மாதிரித் தட்டை அனுப்பவில்லை. நீ கேட்டால் கண்டுபிடித்துவிடுவாய், திரும்ப வெட்ட வேண்டிவரும் என்று பயந்தேன். ஜனவரியில் நீ போன் செய்தபோதே சொல்லியிருக்க வேண்டும். நீ அழுதுகொண்டிருந்தாய்.  'சரிக்கா' என்று சொல்லிவிட்டேன். இதற்கு மேல் சப்பைக்கட்டு கட்டவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். வெட்டி எடுத்த பதிமூன்று துண்டுகளும் என்னிடம் இருக்கின்றன. அசல் முழுவதையும் அழித்தேன், இவற்றை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தேன். நீ திட்டுவாய், பரவாயில்லை. அவை அவ்வளவு அழகாக இருந்தன. முதல் அடி விழுந்து, அதன் அதிர்வு அடங்குவதற்குள், யாரும் கேட்காமலே இரண்டாவது விழுகிறது. என்றாவது என் பெயரில் ஒரு பாட்டுக்குப் பயன்படும் என்று வைத்தேன். எந்த நிமிடம், எந்த நொடியில் வெட்டினேன் என்ற குறிப்பும் இருக்கிறது. திருப்பி வைத்தால் உன் பத்து நிமிடம் கிட்டத்தட்ட அப்படியே வந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரு கார்டில் போட்டு, 'நான்தான் மாற்றினேன்' என்று கையெழுத்திட்ட கடிதத்தோடு உனக்கு அனுப்புகிறேன். நீ அதிகாரியிடம் கொடு.

என்னை மட்டும் வரச் சொல்லாதே. காரணத்தைச் சொன்னால் கேவலமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். போன வருடம் வேறொரு தட்டுக் கம்பெனிக்காரர் கம்ப்யூட்டரில் செய்த சத்தத்தைச் சுரங்கச் சத்தம் என்று விற்றபோது, அவரைக் கிழிகிழி என்று கிழித்து ஊருக்கெல்லாம் எழுதினேன். மனுஷர் கம்பெனியையே மூடிவிட்டார். அதன் பிறகுதான் பெரிய கடைகள் என்னைத் தேடி வந்தன. 'துரு'வுக்கு இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். நானே ஒரு சபையில் நின்று அது பொய் என்று சொன்னால், அடுத்த நாள் கடைகளுக்குத் தெரிந்துவிடும். கேட்பதே இருநூறு முந்நூறு காதுகள். இந்த அறையும், இதில் இருக்கும் என் பத்து வருடமும் போய்விடும். கடிதம் போதாதா அக்கா?

உன் தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

போதாது. அதிகாரியைக் கேட்டுவிட்டேன். "காகிதம் குறுக்கு விசாரணைக்கு நிக்காதும்மா. மாத்தினவர் வந்து மாத்தினேன்னு சொல்லணும்"ன்னார்.

அழகாக இருந்ததாம். வாயாடி முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் நடுவில் துண்டை எடுக்கக் கையை நீட்டினாள். அந்த இடைவெளி உனக்கு அழகு. இதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன், எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் அறை போய்விடும் என்கிறாய். போகலாம். உனக்குப் பத்து விரல் இருக்கிறது, வேறு அறையில் பூட்டைத் திறக்கலாம். இப்போது நான்காம் எண்ணில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. நான் பக்கத்தில் போனால், "இது ஒண்ணும் பண்ணாதுக்கா, தட்டுலயே வந்திருக்காமே"ன்னு சிரிக்கிறாள். உன் தட்டைத்தான் சொல்கிறாள். மேலாளர் ஒவ்வொரு வரிசையிலும் போய்ச் சொல்லியிருக்கிறார்.

இருபத்தொன்பது, காலை பத்தரை. நீ வராவிட்டால் எனக்குத் தம்பி இல்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

வருகிறேன்.

விசாரணைக்குப் பிறகு உங்கள் மேலாளர் வாயால் கடைகளுக்குத் தெரிவதைவிட என் வாயால் தெரியட்டும் என்று, இன்று எல்லாக் கடைகளுக்கும் எழுதிவிட்டேன். போன வருடம் நான் கிழித்தேனே, அந்த மனுஷருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். பெரிய கடை உடனே போன் செய்து, தட்டுகளைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னது. மரியாதையாகத்தான் பேசினார்கள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அங்கே வந்தால் என்னோடு பேசுவாயா என்று கேட்கத் தைரியம் இல்லை. சின்ன ஸ்பீக்கர் ஒன்று எடுத்து வருகிறேன். அவர்கள் ஸ்பீக்கரில் அடிச்சத்தம் எழாது.

உன் தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

உன்னோடு பேசாததற்கு வருத்தப்படவில்லை. சாட்சி சொல்கிற இடத்தில் தம்பியைக் கொஞ்சக் கூடாது என்று இருந்தேன். பிறகு கதவைத் திறந்து பார்த்தால், நீ பெஞ்சில் இல்லை, பஸ் ஏறிவிட்டாய். உன்னை வெளியே அனுப்பிய பிறகு உள்ளே நடந்தது உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மேலாளர் உன்னைக் கேட்டதையெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "உறையில போட்டது பொய், அக்காகிட்ட சொன்னது பொய், இன்னைக்குச் சொல்றது மட்டும் நிஜமா?" நீ, "ஆமாங்க, மூணாவதுதான் நிஜம்"னு சொன்னாய். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனாலும் சொன்னாய்.

நீ போனதும் அவர் இன்னும் ஏறினார். "இந்தத் துண்டெல்லாம் எங்க மெஷினோடதுதான்னு யார் சொன்னா? இவங்க தொழிலே சத்தம் பண்றதுதானே? எங்க மெஷின்ல தினமும் வேலை செய்யறவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கேன், அவங்க சொல்லட்டும்"னார். கம்பெனிப் பக்கத்துச் சாட்சியாக ஆறு பெண்கள். எல்லோரும் எங்கள் வரிசைதான், நான்காம் எண்ணில் முறை மாறி உட்கார்ந்தவர்கள். வேலை போய்விடும் என்று மிரட்டித்தான் கூட்டி வந்திருக்கிறார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒருத்திகூட என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பத்தொன்பது வயதுக்காரியும் இருந்தாள். நீள மேஜையில் வரிசையாக உட்காரவைத்தார்கள். "மெஷின் எப்படிம்மா?"ன்னு அதிகாரி கேட்டார். "நல்லாத்தான் இருக்கு சார்." ஆறு பேரும் மேஜைமேல் கையை வைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிப்பது மாதிரி சொன்னார்கள்.

அதிகாரி உன் ஸ்பீக்கரில் முதல் துண்டைப் போட்டார். மெஷின் மூச்சு. ஓர் அடி. மேஜைமேல் பன்னிரண்டு கையும் விருட்டென்று மடிக்குப் போயின. அதற்குப் பிறகுதான் இரண்டாவது அடி விழுந்தது.

 அந்தப் பெண்கள் தங்கள் கையைத் தாங்களே குனிந்து பார்த்தார்கள். அதிகாரி, "கையை மேல வைங்கம்மா"ன்னு சொல்லிவிட்டு அடுத்த துண்டைப் போட்டார். மறுபடியும் அப்படியே. அந்தப் பத்தொன்பது வயதுக்காரி மட்டும் கொஞ்சம் தாமதம். அவள் கை இரண்டாவது அடிக்குப் பிறகுதான் நகர்ந்தது.  இன்னும் கற்றுக்கொள்ளவில்லை அவள்.

மேலாளர் எழுந்து, "அது ஒண்ணுமில்ல சார், வெறும் பழக்கம்"னார்.

"எதுக்கான பழக்கம்?"னு அதிகாரி கேட்டார்.

அவர் உட்கார்ந்துவிட்டார். வேறு துண்டு போடத் தேவை இருக்கவில்லை. அன்று சாயங்காலமே நான்காம் எண்ணுக்கு முத்திரை வைத்தார்கள். முந்தாநாள் வெளியாள் வந்து கிளட்சைத் திறந்தார், நான் பக்கத்தில் நின்றேன். மெஷினை ஒரே அடியோடு நிறுத்த வேண்டிய பிடிப்புக் கட்டை தேய்ந்து, அந்த இடைவெளியில் என் நகமே நுழைந்தது. 'கவனக்குறைவு' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'இயந்திரக் கோளாறு, முன்பே தெரிந்தது' என்று எழுதியிருக்கிறார்கள். 'முன்பே தெரிந்தது' என்ற இரண்டு வார்த்தையை நான் வாய்விட்டுப் படித்தேன். பழைய பழுதுப் புத்தகமும் எப்படியோ காய்ந்து அலமாரியிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஈரமே படாத புத்தகம். அதைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வெளியே வந்து வாயாடி வெகுநாள் கழித்து வாயைத் திறந்தாள். "உன் தம்பிக்கு அச்சு அசல் உன் முழிதான்கா. மாட்டிக்கிட்ட முழி." அந்த வாசலிலேயே நின்று இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பு மட்டும் நின்றது. "அவர் முன்னாடியே வாயைத் திறந்திருந்தா, அன்னைக்கு முத விசாரணையில நான் கையை ஒளிச்சிருக்க மாட்டேன்ல?"ன்னு கேட்டாள். 

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதாதே. எனக்கு வேண்டாம், கொடுக்கும் உரிமையும் எனக்கில்லை. அவள் முகவரி இந்தத் தாளின் பின்னால் இருக்கிறது. அவள் கேட்ட அந்தக் கேள்விக்கு அவளுக்கே பதில் எழுது. மழுப்பாமல் எழுது. அவள் பதில் போடுவாள், ஆனால் சீக்கிரம் வராது. இடது கையால் எழுத இப்போதுதான் பழகுகிறாள்.

அக்கா